கலெக்ட், கேதர், பிக் அப்: எதை எங்கே போடுவது?

கலெக்ட் என்ற வார்த்தையை ஆங்கிலம் தெரியாதவர்கள்கூடத் தினமும் சொல்கிறோம். வாடகை கலெக்ட் பண்ண வந்தார், கூரியர் ஆபீசில் போய் கலெக்ட் பண்ணிக்கோங்க, முதல் நாள் கலெக்‌ஷன் எவ்வளவு, கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தாச்சா என்று அது பாதி தமிழ் வார்த்தையாகவே ஆகிவிட்டது. சிக்கலும் அதில்தான். தமிழில் 'கலெக்ட் பண்ணு' என்றால் வசூலிப்பது, வாங்குவது, சேர்ப்பது, திரட்டுவது, பொறுக்குவது எல்லாமே அடங்கிவிடும். அதே பழக்கத்தில் ஆங்கிலத்தில் பேசும்போதும் எழுதும்போதும் எல்லா இடத்திலும் கலெக்டையே போடுகிறோம். பாதி இடத்தில் சரியாக வரும், மீதி இடத்தில் கேட்பவர் ஒரு நொடி முழிப்பார். அங்கே கேதர், பிக் அப், ரெய்ஸ், வித்ட்ரா என்று வேறு வேறு வினைகள் வரவேண்டும். எந்த இடத்தில் எது என்பதுதான் இங்கே விஷயம். இலக்கணப் புத்தகம் மாதிரி வரிசையாகப் போகப் போவதில்லை, அதிகம் தடுக்குகிற இடங்களில் கொஞ்சம் நின்று, மற்ற இடங்களை வேகமாகத் தாண்டிவிடலாம்.

முதலில் பணம். வாடகை, ஃபீஸ், வரி, டோல், சீட்டுப் பணம் என்று ஒருவர் கொடுக்கவேண்டியதை இன்னொருவர் வாங்கினால் அது கலெக்ட்தான், சந்தேகமே வேண்டாம். "த ஓனர் கலெக்ட்ஸ் த ரென்ட் ஆன் த ஃபிப்த்." மாவட்ட ஆட்சியருக்கு கலெக்டர் என்று பெயர் வந்ததும் இந்த அர்த்தத்தில்தான். 1772-இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் வங்காளத்தில் அந்தப் பதவியை ஏற்படுத்தியபோது முக்கிய வேலையே நிலவரி வசூல். இன்று அவர் வெள்ள நிவாரணம், தேர்தல், பட்டா என்று எல்லாவற்றையும் பார்க்கிறார், பெயர் மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டது.

யாரிடமிருந்து என்பதற்கு 'ஃப்ரம்', எதற்காக என்பதற்கு 'ஃபார்'. "வீ கலெக்டட் ஃபைவ் ஹண்ட்ரட் ருப்பீஸ் ஃப்ரம் ஈச் ஹவுஸ் ஃபார் த டெம்பிள் ஃபெஸ்டிவல்" என்று ஒரே வாக்கியத்தில் இரண்டும் வரலாம். நன்கொடை விஷயத்தில் ஒரு வசதி உண்டு: பணம் என்ற சொல்லே இல்லாமல் "தே ஆர் கலெக்டிங் ஃபார் ஃப்ளட் விக்டிம்ஸ்" என்றாலே வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்காக வசூலிக்கிறார்கள் என்று புரிந்துவிடும். ஆனால் இங்கே ரெய்ஸ் என்ற வினையையும் பழகிக்கொள்ளுங்கள். ரசீதுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் வாங்குவது கலெக்ட். கடைசியில் மொத்தம் எவ்வளவு திரட்டினோம் என்று சொல்லும்போது "வீ ரெய்ஸ்ட் டூ லேக்ஸ்." வேலைக்கான விண்ணப்பத்தில் கல்லூரி நாளில் நிதி திரட்டியதை எழுதுகிறவர்கள் 'கலெக்டட் ஃபண்ட்ஸ்' என்று எழுதுவதைவிட 'ரெய்ஸ்ட் ஃபண்ட்ஸ்' என்று எழுதினால் படிக்கிறவருக்கு இயல்பாக இருக்கும். முன்னது தப்பு என்று சொல்லமாட்டேன், உண்டியலோடு நின்ற மாதிரி ஒரு தொனி அதில் வந்துவிடுகிறது.

அடுத்தது, தயாராக இருக்கும் ஒன்றைப் போய் வாங்கிவருவது. நாம் அதிகம் பயன்படுத்துவதும் அதிகம் தவறாகப் பயன்படுத்துவதும் இங்கேதான். தையல் கடையில் தைத்து வைத்த பிளவுஸ், லேபில் ரெடியாக இருக்கும் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட், காலேஜ் ஆபீசில் வைத்திருக்கும் ஹால் டிக்கெட், தபால் நிலையத்தில் காத்திருக்கும் பார்சல், எல்லாமே கலெக்ட். இதில் பொதுவாக இருப்பதைப் பாருங்கள்: பொருள் ஏற்கெனவே உங்களுடையது, அல்லது உங்களுக்கென்று எடுத்து வைக்கப்பட்டது, நீங்கள் போய் எடுத்துக்கொள்ளவேண்டியதுதான் பாக்கி. பிரிட்டனில் இணையத்தில் வாங்கிவிட்டுக் கடையில் போய் எடுத்துக்கொள்வதற்கு 'க்ளிக் அண்ட் கலெக்ட்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள், அதே கணக்குதான்.

இந்த ஒரு கணக்கைப் பிடித்துக்கொண்டால் பல குழப்பம் தானாகத் தீரும். ஏடிஎம்மில் பணம் எடுக்கப் போவதை 'கலெக்ட் மணி' என்று சொல்லமுடியாது, அது 'வித்ட்ரா', பேச்சில் 'கெட் சம் கேஷ்.' அப்படியானால் அதே ஏடிஎம் திரையில் "ப்ளீஸ் கலெக்ட் யுவர் கேஷ்" என்று வருகிறதே என்று கேட்பீர்கள். அது சரிதான். அந்த நேரத்தில் இயந்திரம் நோட்டுகளை எண்ணி வெளியே நீட்டிவிட்டது, நீங்கள் கைநீட்டி எடுக்கவேண்டியது மட்டும்தான் மிச்சம். பணத்தை எடுக்கும் முழு வேலைக்கு வித்ட்ரா, நீட்டிய நோட்டை எடுப்பதற்கு கலெக்ட்.

அதேபோல மளிகைக் கடையில் பால் வாங்கிவருவது கலெக்ட் இல்லை. முன்கூட்டியே சொல்லி, பில்லும் போட்டு, பையில் கட்டி வைத்திருந்தால் கலெக்ட். சும்மா போகிற வழியில் வாங்கிவந்தால் 'பிக் அப் சம் மில்க்.' மெயில் வந்ததை 'ஐ கலெக்டட் யுவர் மெயில்' என்று எழுதாதீர்கள், 'ரிசீவ்ட்' அல்லது 'காட்' போதும். பரீட்சையில் மார்க் வாங்குவது 'ஸ்கோர்' அல்லது 'கெட்.' மார்க் ஷீட் வாங்குவது என்றால் மட்டும் கலெக்ட், அதையும் ஆபீசுக்குப் போய் வாங்கினால். மேடை ஏறி விருது வாங்குவது? கலெக்ட் வரும், விருது அங்கே உங்களுக்காகக் காத்திருக்கிறதே.

இடத்தைச் சொல்லும் சொல்லிலும் கவனம் தேவை. 'கவுன்டரில்' என்று தமிழில் நினைத்துக்கொண்டு 'இன் த கவுன்டர்' என்று போட்டுவிடுகிறோம். "கலெக்ட் இட் அட் த கவுன்டர்" அல்லது "ஃப்ரம் த கவுன்டர்" என்றுதான் வரவேண்டும். 'இன்' போட்டால் கவுன்டருக்குள்ளே நுழைந்து எடுக்கச் சொன்ன மாதிரி.

ஆளையும் கலெக்ட் பண்ணலாமா? பண்ணலாம், ஆனால் கேட்பவர் யார் என்று பாருங்கள். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் "ஐ வில் கலெக்ட் யூ ஃப்ரம் த ஸ்டேஷன்", "ஷீ கலெக்ட்ஸ் த கிட்ஸ் ஃப்ரம் ஸ்கூல்" ரொம்ப சாதாரணம். அமெரிக்கர்களுக்கு அது கொஞ்சம் விநோதமாக, ஆளைப் பார்சல் மாதிரிக் கையெழுத்துப் போட்டு வாங்குவதுபோல் கேட்கும். அவர்கள் 'பிக் அப்' என்பார்கள். லண்டனில் இருக்கும் அக்கா கலெக்ட் என்பதும் நியூ ஜெர்ஸியில் இருக்கும் மாமா பிக் அப் என்பதும் இதனால்தான். இரண்டு ஊர்க்காரர்களோடும் பேசவேண்டியவர்கள் பிக் அப் என்றே வைத்துக்கொள்ளுங்கள், எங்கேயும் இடிக்காது. ஒரு எச்சரிக்கை மட்டும்: 'பிக் அப்' என்பதற்கு முன்பின் தெரியாத ஒருவரிடம் பேச்சுக் கொடுத்து வளைக்கப் பார்ப்பது என்றும் ஓர் அர்த்தம் உண்டு. இடத்தைச் சேர்த்துச் சொன்னால், அதாவது 'ஃப்ரம் த ஏர்போர்ட்', 'ஃப்ரம் ஸ்கூல்' என்று போட்டுவிட்டால், அந்தக் குழப்பம் வராது.

பொழுதுபோக்குக்கு வருவோம். தபால் தலை, பழைய நாணயம், தீப்பெட்டி லேபிள் சேர்ப்பவர் எல்லாம் கலெக்ட் பண்ணுகிறார்கள், கேதர் பண்ணுவதில்லை. "ஐ கேதர் ஸ்டாம்ப்ஸ்" என்றால் ஆல்பம் கைதவறி விழுந்து தபால் தலைகள் தரையெல்லாம் சிதறிக் கிடக்கின்றன, அதை அள்ளுகிறீர்கள் என்ற படம்தான் மனதில் வரும். கலெக்டில் தேர்வு இருக்கிறது, ஒழுங்கு இருக்கிறது, இது என்னிடம் இல்லை அது வேண்டும் என்ற தேடல் இருக்கிறது. காலமும் முக்கியம். நமக்கு எதற்கெடுத்தாலும் 'ஐ ஆம் கலெக்டிங்' என்று 'இங்' போடும் பழக்கம். பல வருடமாக இருக்கும் ஆர்வம் என்றால் "ஐ கலெக்ட் ஓல்ட் காயின்ஸ்" போதும். இந்த மாதம் மட்டும் அலுவலகப் பிரிவு உபசார விழாவுக்குப் பணம் வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் 'ஐ ஆம் கலெக்டிங்.'

யாரும் சேர்க்காமல் தானாகச் சேர்வதற்கும் கலெக்ட் வரும், இதைப் பலர் கவனிப்பதில்லை. மழை விட்டதும் மொட்டை மாடியில் தண்ணீர் தேங்குகிறது: "வாட்டர் கலெக்ட்ஸ் ஆன் த டெரஸ்." டெங்கு காலத்தில் பழைய டயரிலும் தேங்காய் ஓட்டிலும் தண்ணீர் தேங்கவிடாதீர்கள் என்கிறார்களே, அதை "டோன்ட் லெட் வாட்டர் கலெக்ட் இன் ஓல்ட் டயர்ஸ்" என்று சொன்னால் கச்சிதம். நம் ஊரில் அடிக்கடி கேட்கும் 'வாட்டர் இஸ் ஸ்டாக்னேட்டட்' என்பதைவிட இது எளிது. ஃபேன் இறக்கையில் தூசி சேர்வதற்கு கலெக்ட், கேதர் இரண்டுமே பொருந்தும். கூட்டம் கூடுவதற்கும் இரண்டும் வரும், ஆனால் காதில் அதிகம் விழுவது "எ க்ரவுட் கேதர்ட்" தான்.

இப்போது கேதருக்கே போய்விடலாம். சிதறிக் கிடப்பதை ஓரிடத்துக்குக் கொண்டுவருவதுதான் அதன் அடி. காட்டில் விறகு பொறுக்குவது, மேசையில் பரந்து கிடக்கும் தாள்களை அள்ளி எடுப்பது, பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைப்பது எல்லாம் கேதர். 'டுகெதர்' என்ற சொல்லின் உள்ளே ஒளிந்திருப்பதும் இதே வேர்தான், பழைய ஆங்கிலத்திலிருந்தே இரண்டும் உறவு. அதனால் ஒன்றாகக் கூடுவது என்ற வாசனை கேதரில் எப்போதும் இருக்கும். குடும்பமாகக் கூடுவதற்கு 'ஃபேமிலி கேதரிங்' என்கிறோம், 'ஃபேமிலி கலெக்‌ஷன்' என்றால் துணிக்கடை விளம்பரம் ஆகிவிடும்.

பூ விஷயத்தில் மூன்று வினையும் அடுத்தடுத்து நிற்கும். செடியிலிருந்து பறிப்பது 'பிக்', 'அப்' கிடையாது. பறித்துப் பறித்துக் கூடையில் சேர்ப்பது கேதர். பூக்கடையில் சொல்லி வைத்த மாலையைப் போய் வாங்குவது கலெக்ட். தரையில் உதிர்ந்த பவழமல்லியை ஒவ்வொன்றாகக் குனிந்து எடுப்பது பிக் அப், மொத்தமாக ஒரு தட்டில் சேர்த்தால் மறுபடி கேதர்.

தகவல் என்று வந்தால்தான் படித்தவர்களும் தடுமாறுகிறார்கள். டேட்டாவுக்கு இரண்டுமே வரும், ஆனால் சாய்வு வேறு. படிவம் வைத்துக்கொண்டு, எல்லோரிடமும் அதே கேள்வியைக் கேட்டு எழுதிக்கொள்வது கலெக்ட். மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு வீடு வீடாக வருபவர் செய்வது 'கலெக்டிங் டேட்டா.' இங்கே விசாரித்து, அங்கே கேட்டு, ஒரு பழைய கடிதத்தைப் பார்த்து, துண்டு துண்டாகச் சேர்ப்பது கேதர். செய்தியாளர் செய்வது 'கேதரிங் இன்ஃபர்மேஷன்.' பெண் பார்க்கப் போகும் முன் மாப்பிள்ளை வீட்டார் அக்கம்பக்கத்தில் விசாரிக்கிறார்களே, அதுவும் சுத்தமான கேதரிங்தான். போலீஸ் ஒரு வழக்கில் ஆதாரம் 'கேதர்' பண்ணுகிறது, ஆனால் சம்பவ இடத்தில் ரத்த மாதிரியை 'கலெக்ட்' பண்ணுகிறது. லேப்காரர் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுப்பதற்கு 'சாம்பிள் கலெக்‌ஷன்' என்று பெயர் இருப்பதும் இதனால்தான். இன்னொன்று, எந்த வினை போட்டாலும் 'இன்ஃபர்மேஷன்ஸ்' என்று எழுதவேண்டாம், அந்தச் சொல்லுக்குப் பன்மை கிடையாது. 'டீடெய்ல்ஸ்' என்று வேண்டுமானால் போட்டுக்கொள்ளுங்கள்.

கேதருக்கு இன்னொரு முகம் உண்டு, ஆபீஸ் மெயிலில் அதைத் தெரிந்துவைத்திருந்தால் ரொம்ப உதவும். "ஐ கேதர் யூ ஆர் மூவிங் டு கோயம்புத்தூர்." இங்கே எதையும் பொறுக்கவில்லை. நீங்கள் கோயம்புத்தூருக்குப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன், அப்படித்தான் நினைக்கிறேன், தப்பாக இருந்தால் சொல்லுங்கள் என்ற பணிவான தொனி. கிளையன்ட் சொன்னதைச் சரியாகப் புரிந்துகொண்டோமா என்று உறுதிசெய்ய "ஃப்ரம் யுவர் மெயில், ஐ கேதர் தட் த டேட் ஹஸ் சேஞ்ச்ட்" என்று ஆரம்பிக்கலாம், 'யூ செட்' என்று அவர்மேல் ஏற்றுவதைவிட மென்மையாக இருக்கும். இந்த அர்த்தத்தில் 'ஐ ஆம் கேதரிங்' வரவே வராது. கலெக்டுக்கும் இந்த அர்த்தம் கிடையாது.

கண்ணுக்குத் தெரியாதவற்றையும் கேதர் பண்ணலாம். வண்டி வேகம் பிடிப்பது 'கேதர் ஸ்பீட்', மனதில் தைரியத்தைத் திரட்டுவது 'கேதர் கரேஜ்.' தையல் தெரிந்தவர்களுக்கு இன்னும் சுலபம், பாவாடை இடுப்பில் துணியைச் சுருக்கி நூல் ஓட்டுகிறோமே, அந்தச் சுருக்குக்கும் 'கேதர்ஸ்' என்றுதான் பெயர். மனதை ஒருநிலைப்படுத்துவதற்கு மட்டும் கலெக்ட், கேதர் இரண்டும் வரும்: "கிவ் மீ எ மினிட் டு கலெக்ட் மை தாட்ஸ்." பதறாமல் நிதானமாக இருப்பவரை 'காம் அண்ட் கலெக்டட்' என்பார்கள். இன்டர்வியூவில் கேள்வி புரியவில்லை, யோசிக்க நேரம் வேண்டும் என்றால் முந்தின வாக்கியத்தைச் சொல்லிவிட்டு மூச்சு விட்டுக்கொள்ளலாம், 'வெய்ட் சார்' என்பதைவிட மரியாதை.

பிக் அப்பில் இரண்டே விஷயம் சொல்லவேண்டும். ஒன்று, 'அப்'பை விழுங்காதீர்கள். 'ஹி டிட் நாட் பிக் த கால்' என்பது நம் ஊர் முழுக்கக் கேட்கும் வாக்கியம், ஆனால் 'பிக்' தனியாக நின்றால் தேர்ந்தெடுப்பது அல்லது பறிப்பது. 'ஹி டிட் நாட் பிக் அப்' என்று நிறுத்தினாலே போன் எடுக்கவில்லை என்று அர்த்தம் முடிந்துவிடும், 'ஆன்சர்' என்றும் சொல்லலாம். இரண்டு, 'இட்', 'ஹிம்', 'தெம்' போன்ற சின்னச் சொற்கள் நடுவில்தான் உட்காரவேண்டும். 'பிக் அப் த பேக்' சரி, 'பிக் த பேக் அப்' என்பதும் சரி, ஆனால் 'பிக் அப் இட்' தப்பு, 'பிக் இட் அப்' மட்டுமே. மற்றபடி புத்தகம் வைத்துப் படிக்காமல் காதால் கேட்டே ஒரு மொழியைக் கற்றுக்கொள்வதும் பிக் அப்தான்: "ஐ பிக்ட் அப் கன்னடா இன் பெங்களூரு."

பழைய அமெரிக்கப் படங்களில் 'கலெக்ட் கால்' என்று வந்தால் குழம்பவேண்டாம், போன் எடுப்பவர் காசு கட்டும் அழைப்பு அது. பிரிட்டனில் அதற்கு 'ரிவர்ஸ் சார்ஜ்' என்று பெயர்.

உச்சரிப்பு. நாம் 'கலெக்ட்' என்று சொல்வது கிட்டத்தட்ட சரிதான், முதல் எழுத்தை லேசாக விட்டு 'லெக்ட்'டில் அழுத்தவேண்டும். எழுத்தைப் பார்த்து 'கோ-லெக்ட்' என்று ஆரம்பிக்காதீர்கள். முதல் அசையில் அழுத்தி 'காலெக்ட்' என்றால் ஆங்கிலிக்கன் திருச்சபை வழிபாட்டில் வரும் ஒரு குறு ஜெபத்தின் பெயர் அது, எழுத்துக்கூட்டல் ஒன்றே. இறந்தகாலத்தில் கடைசியில் 'இட்' கேட்கவேண்டும், 'கலெக்டிட்.' ஆனால் 'பிக்ட்'டில் அந்த 'இட்' கூடாது, 'பிக்கிட்' என்று இழுக்காமல் ஒரே அசையில் முடிக்கவேண்டும். கேதரில் வரும் 'த' வல்லினமாக இடிக்காது, 'அது' என்று சொல்லும்போது நாக்கு பல்லைத் தொட்டும் தொடாமலும் வரும் அதே ஒலி. தமிழருக்கு அது பிறவியிலேயே வரும், ஹிந்திக்காரர்கள்தான் கஷ்டப்படவேண்டும்.

சரி, பழகிப் பார்க்கக் கொஞ்சம் வாக்கியங்கள். கீழே விடையைப் பார்க்காமல் முதலில் நீங்களே வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

பாஸ்போர்ட் தபால் நிலையத்தில் இருக்கிறது, நாளைக்குப் போய் வாங்கணும்.
காற்றில் பறந்த பேப்பரையெல்லாம் சேர்த்து எடு.
நீங்கள் வேலையை விடப்போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன்.
வரும்போது அரை கிலோ தக்காளி வாங்கிட்டு வா.
பள்ளிக்கூடத்துக்காக மூன்று லட்சம் திரட்டினோம்.
கீழே விழுந்த சாவியை எடுத்தாயா? எடுத்துட்டேன்.

முதலாவது கலெக்ட், 'ஃப்ரம் த போஸ்ட் ஆபீஸ்.' இரண்டாவது கேதர், பின்னால் ஒரு 'அப்' சேர்த்து 'கேதர் அப்' என்றாலும் அழகு. மூன்றாவது 'ஐ கேதர்.' நான்காவது பிக் அப், கடைக்காரர் எடுத்து வைத்திருந்தால் ஒழிய கலெக்ட் வராது. ஐந்தாவது ரெய்ஸ்ட். ஆறாவதற்கு 'எஸ், ஐ பிக்ட் இட் அப்', 'இட்' நடுவில்.